ஆறு சனிக்கிழமை பீர்

ஆறு வாரம் இலவசமாக பீர் கொடுக்கிறோம், வந்து குடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஒரு பெண் வந்து சொன்னாள். நான் நம்பவில்லை. ஆனால் போனேன். நம்பாமல் போனால் ஏமாற மாட்டோம் என்பது என் கணக்கு.

இது 1998-இல் நடந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் பொம்மசந்திராவில் ஒரு பெயிண்ட் கம்பெனி கோடவுனிலிருந்து எனக்கு ரிட்டயர்மெண்ட் கொடுத்து, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் நாலு மாதத்தில் நின்றுவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான். அப்புறம் எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆனால் நீலசந்திராவில் எங்கள் தெருமுனையில் இருக்கிற முனிராஜ் பாருக்குப் போய் ஒரு பீர் குடிப்பேன். ஒன்றுதான். இரண்டாவது பீரில் தண்ணீர் கலந்து கொடுப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் பீர் குடிக்கிற முறையே வேறு. பாட்டில் வந்ததும் மூடியைத் திறந்து, ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் அதைத் தலைகீழாக முக்கிப் பிடிப்பேன். பாட்டிலிலிருந்து ஏதோ ஒன்று கம்பி மாதிரி தண்ணீருக்குள் இறங்கும். அது கிளிசரின். எல்லா பீரிலும் கலக்கிறார்கள். அதை இறக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். அது கிளிசரின் இல்லை, பீர்தான், நீங்கள் பீரை வெளியே விட்டுவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை ஏற்றிக் குடிக்கிறீர்கள் என்று முனிராஜ் சொல்வான். பீர் விற்கிறவன் வேறு என்ன சொல்வான்?

அந்தப் பெண் பெயர் லாவண்யா. ஈரோட்டுப் பக்கம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளிப் போட்ட அட்டை. ஒரு கம்பெனி புதிதாக ஒரு பீர் விடப்போகிறதாம். கடைக்கு வருவதற்கு முன்னால் பழகின குடிகாரர்கள் நாற்பது பேரிடம் கொடுத்துப் பார்க்கிறார்களாம். எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள், எந்த பீர் குடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதினாள். ருசியில் சின்ன வித்தியாசம் இருந்தால் கண்டுபிடிப்பீர்களா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் முனிராஜ் கல்லாவிலிருந்து, இவருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தாலும் நேற்று வேறு மாதிரி இருந்தது என்பார் என்றான். அவள் உடனே என் பெயரை எழுதிக்கொண்டாள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அன்னம்மாள், சும்மா கொடுக்கிறவன் கிட்னியை எடுத்துக்கொள்வான், பார்த்துப் போ என்றாள். இந்த மாதிரி விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று.

ஆஸ்டின் டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மாடி. சனிக்கிழமை காலை பதினோரு மணி. பீர் குடிக்கிற நேரமா அது? வரிசையாக மேஜை போட்டு, ஓட்டுப் போடுகிற இடத்தில் வைப்பது மாதிரி நடுவில் அட்டை மறைப்பு வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சின்ன ஜன்னல். அதைத் தள்ளித் திறந்து உள்ளேயிருந்து ஒரு கை கிளாஸை நீட்டும். மறுபடி மூடிக்கொள்ளும். பாட்டில் நம் கண்ணுக்கே தெரியாது. பாட்டிலைக் காட்டு, கிளிசரின் இறக்க வேண்டும் என்றேன். காட்டக் கூடாதுங்க ஐயா என்றாள் லாவண்யா. அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

கடித்துக்கொள்ள மசாலாக் கடலை கிடையாது. உப்பில்லாத பிஸ்கட் இரண்டும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். கிளாஸில் 417 என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தாள். அதில் வரிசையாக ஐந்து மூஞ்சி. முதல் மூஞ்சி அழுகிறது, கடைசி மூஞ்சி சிரிக்கிறது. நமக்கு எது தோன்றுகிறதோ அதில் டிக் போட வேண்டும். கீழே எழுத இரண்டு கோடு.

குடித்தேன். வேப்பங்கொழுந்தைக் கோணிப்பையில் கட்டி ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. வாயில் வைத்ததும் ஒரு கசப்பு, முழுங்கின பிறகு இன்னொரு கசப்பு. அழுகிற மூஞ்சியில் டிக் போட்டு, ‘மாடு கூடக் குடிக்காது’ என்று எழுதினேன். லாவண்யா அதைப் படித்துவிட்டு, ரொம்ப நன்றிங்க ஐயா என்றாள். திட்டினால் நன்றி சொல்கிறவர்களை நான் எப்போதும் ஒரு கண் வைத்துப் பார்ப்பேன்.

என் பக்கத்து மேஜையில் பெர்னார்ட் என்று ஒருவர். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையை பேண்டுக்குள் விட்டு, பையில் சீப்பு வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். நடு மூஞ்சியில் டிக் போட்டிருந்தார். அழுகையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் இருக்கிற மூஞ்சி. எனக்கு அந்த மாதிரி ஆளைப் பிடிக்காது.

அடுத்த சனிக்கிழமை கிளாஸில் 862 என்று இருந்தது. இங்கேதான் என் அனுபவம் கை கொடுத்தது. கோடவுனில் பதினைந்து வருஷம் நான் பார்த்தது நம்பர்தான். ஒவ்வொரு டிரம்மிலும் பேட்ச் நம்பர் இருக்கும். ஒரே ஐவரி நிறம்தான், ஒரே கம்பெனிதான், நம்பர் மாறினால் நிறம் ஒரு நூல் மாறும். ஒரு தடவை அவசரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இரண்டு நம்பர் கலந்து போய்விட்டது. மேடையில் மாப்பிள்ளை பக்கச் சுவர் ஒரு நிறம், பெண் பக்கச் சுவர் ஒரு நிறம். மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார். நம்பர் மாறினால் சரக்கு மாறும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது நாலாங்கிளாஸ், கோடவுனில் படித்தது இது.

862-ஐக் குடித்தேன். கசப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கோணிப்பை நாற்றம் இல்லை. சரி, நான் எழுதினதைப் படித்துவிட்டு மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மூன்றாவது வாரம் 305. முழுங்கின பிறகு தொண்டையில் வறுத்த கேழ்வரகு வாசனை லேசாக எழும்பியது. சிரிப்புக்கு முந்தின மூஞ்சியில் டிக் போட்டேன். நாலாவது வாரம் 930. அதைப் பற்றி என்ன சொல்வது? கசப்பும் இனிப்பும் சண்டை போடாமல் கூடவே வந்தன. நுரை மீசையில் ஒட்டினதைத் துடைக்க மனசு வரவில்லை. சிரிக்கிற மூஞ்சியில் இரண்டு டிக் போட்டு, ‘இப்படியே விடு, கை வைக்காதே’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கீழே இறங்கும்போது பெர்னார்டிடம், நான் சொல்லிச் சொல்லி பீரை எப்படிக் கொண்டுவந்துவிட்டேன் பார்த்தீர்களா என்றேன். அவர் அன்றைக்கும் நடு மூஞ்சிதான் போட்டிருந்தார்.

"எல்லாம் ஒரே பீர்தான் மேன். கார்ட் வேலை பார்த்தவன் நானு. ஒரே வண்டிதான், தெனம் வேற டைமுக்கு வரும்."

நம்பர் மாறியிருக்கிறதே என்றேன். நம்பரை யார் பார்த்தார்கள் என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மீன் குழம்பு. அன்னம்மாள் காலையிலேயே ஜான்சன் மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்து வைப்பாள். நான் சாப்பிட்டுவிட்டு என்ன குறை என்று சொல்வேன். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அப்படித்தான். ஒரு வாரம் புளி தூக்கலாக இருக்கும், ஒரு வாரம் மிளகாய் இருக்காது, ஒரு வாரம் வெந்தயம் கருகியிருக்கும். அவள் எல்லா வாரமும் ஒரே மாதிரிதான் வைக்கிறேன் என்பாள். நான் இல்லை என்பேன். கோடவுன் வேலை போன பிறகு என்னைக் கேட்டு நடக்கிற காரியம் இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை. என் மகன் ஓசூரில் வீடு கட்டுகிறான், எந்த பெயிண்ட் என்று கூட என்னைக் கேட்கவில்லை. இந்தக் குழம்பு ஒன்றில்தான் என் வார்த்தைக்குக் கொஞ்சம் இடம் இருந்தது.

அன்றைக்குப் புளி கூடிவிட்டது என்று சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதே புளி. அதே சட்டி. முப்பத்திநாலு வருசமா இதே கை. வாரா வாரம் மாறுறது கொழம்பு இல்லய்யா, உன் நாக்கு."

என் நாக்கு மாறுகிற நாக்கு இல்லை, அந்த நாக்கை வைத்துத்தான் ஒரு பீர் கம்பெனியே சரக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, நாலு வாரக் கதையையும் நம்பரோடு சொன்னேன். அவள் என் தட்டிலிருந்த மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி கேட்டாள். கடைசியில், அந்த பீரும் மாறியிருக்காது என்றாள்.

பேச்சு வளர்ந்தது. பந்தயத்தில் வந்து நின்றது. பீர் வாரா வாரம் மாறியிருந்தால், என் குழம்பும் வாரா வாரம் மாறுகிறது, என் வீட்டுக்காரர் சொல்வது சரிதான் என்று அன்னம்மாள் தண்ணீர்க் குழாயில் எல்லாப் பெண்களும் நிற்கிறபோது சொல்ல வேண்டும். ஒரே பீராக இருந்தால்?

"இனிமே எங் கொழம்பப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. நல்லாருக்குன்னும் சொல்லாத, நல்லால்லன்னும் சொல்லாத. சாவுற வரைக்கும்."

சரி என்றேன். நம்பர் என் பக்கம் இருக்கிறபோது எனக்கென்ன பயம்?

ஐந்தாவது சனிக்கிழமை 118. பீரைக் கெடுத்துவிட்டார்கள். போன வாரம் வரைக்கும் இருந்த அந்தக் கேழ்வரகு வாசனை மங்கிப்போய், சப்பென்று இருந்தது. கை வைக்காதே என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். லாவண்யாவைக் கூப்பிட்டு, உண்மையைச் சொல், வாரா வாரம் மாற்றுகிறீர்கள்தானே என்று கேட்டேன். இப்பச் சொல்லக் கூடாதுங்க ஐயா, அடுத்த வாரம் முடிஞ்சதும் எல்லாத்தையும் சொல்லிருவோம் என்றாள். ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்து அன்னம்மாளிடம், குழாயில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள் என்றேன்.

ஆறாவது சனிக்கிழமை அவளும் வந்தாள். பந்தயத்தின் முடிவை என் வாயால் கேட்டால் நம்ப மாட்டாளாம். நல்ல புடவை, தலையில் கனகாம்பரம். பீர் வாசனைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் குடிக்கக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம்.

அன்றைக்கு 551. சுமார். நான் டிக் போட்டு முடித்ததும் லாவண்யா எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டினாள். அதில் ஒரு கோடு. கீழே தொடங்கி, மேடு மாதிரி ஏறி, நாலாவது வாரத்தில் உச்சிக்குப் போய், மறுபடி கொஞ்சம் இறங்குகிறது. போன வாரம் வரைக்கும் நாற்பது பேர் போட்ட டிக்கையும் சேர்த்துப் போட்ட கோடாம். ஆறு வாரமும் கொடுத்தது ஒரே பீர், ஒரே நாளில் பாட்டிலில் அடைத்தது, ஒரு சொட்டு கூட மாற்றவில்லை என்றாள். புது பீர் முதல் தடவை யாருக்கும் பிடிக்காதாம். நாக்கு பழகப் பழகப் பிடித்துப் போகுமாம். அப்புறம் சலிக்குமாம். எத்தனையாவது தடவையில் பிடிக்கிறது, எத்தனையாவதில் சலிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் செய்தார்களாம்.

அன்னம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

நான் எழுந்து நின்றேன். நாற்பது பேரையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றேன். நம்பர் எல்லாம் வேறு வேறு, என் கையில் குறிப்பு இருக்கிறது என்று பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தேன். 417, 862, 305, 930, 118, 551. ஒரே சரக்குக்கு எவனாவது ஆறு நம்பர் போடுவானா?

"நம்பர் சும்மா போடறதுங்கய்யா. ஒரே நம்பர் இருந்தா ஒரே பீருன்னு நெனச்சிட்டு நீங்க குடிச்சே பாக்க மாட்டீங்க. அதுக்குத்தான் மாத்திப் போடறது."

"அப்ப எங்கள ஏமாத்தத்தான் போட்ட."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமாங்க" என்றாள்.

கேட்டுக்கொள்ளுங்கள், ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். ஒருவரும் என் பக்கம் வரவில்லை. பீர் முடிந்துவிட்டதால் பாதிப் பேர் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரத்து 417-ஐயும் நாலாவது வாரத்து 930-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் கொடு, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன் என்றேன். கொடுக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்று என்று சொன்னால் ஐயா எங்களை நம்ப மாட்டீர்களே என்றாள். நம்ப மாட்டேன் என்றேன்.

"நான் ஊத்தறேன்" என்றாள் அன்னம்மாள்.

லாவண்யா அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். நான் என் மேஜையில் உட்கார்ந்தேன். பெர்னார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டது. சீ, இன்னாடி இது, பொங்குது என்று அன்னம்மாள் லாவண்யாவிடம் சொல்வது கேட்டது. ஜன்னல் திறந்தது. பச்சை வளையல் போட்ட கை முதலில் 417-ஐ வைத்தது, அப்புறம் 930-ஐ வைத்தது. இரண்டிலும் முக்கால் கிளாஸ் நுரை. அவள் வாழ்க்கையில் ஊற்றின முதல் பீர் அது.

417-ஐ எடுத்து ஒரு வாய் குடித்தேன். அதே வேப்பங்கொழுந்து, அதே கோணிப்பை. மறக்க முடியுமா? பிஸ்கட் கடித்து, தண்ணீர் குடித்து, 930-ஐக் குடித்தேன். தொண்டையில் வறுத்த கேழ்வரகு எழும்பியது. இன்னொரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை. எழுந்து நின்று, இது மாடு கூடக் குடிக்காதது, இது நான் சொல்லிச் சரிபண்ணினது, வித்தியாசம் தெரியாதவன் பீர் குடிக்கவே லாயக்கில்லாதவன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஜன்னல் முழுசாகத் திறந்தது. அன்னம்மாள் முகம் தெரிந்தது. கையில் ஒரு பாட்டில்.

"ஒரே பாட்டிலு" என்றாள்.

"நீ மாத்தி ஊத்தியிருப்ப."

"எம் பையன் மேல சத்தியம். இத ஒண்ணத்தான் தொறந்தோம். ரெண்டும் இதுலதான் ஊத்துனேன்."

லாவண்யா சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கம்பெனி முதலாளியே வந்து சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். நான் நம்பாத ஆட்கள் எத்தனையோ பேர். ஆனால் அன்னம்மாள் முப்பத்துநாலு வருஷத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பெர்னார்ட் என் முதுகில் தட்டினார். நாலாவது வாரமே உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். அந்த நேரத்தில் கூட எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எனக்கு என்னா தெரியும்? பதினஞ்சு வருஷமா சைனஸ் மேன். பீரா மோரான்னே தெரியாது. ஓசில குடுக்கிறாங்களேன்னு மரியாதைக்கு நடு மூஞ்சில டிக் போட்டேன்."

லாவண்யா காதில் அது விழுந்துவிட்டது. அவருடைய ஆறு தாளையும் கட்டுக்குள்ளிருந்து உருவி எடுத்துத் தனியாக வைத்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அன்னம்மாள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். அவள் நடையிலேயே எல்லாம் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். உப்பு இல்லை. கொஞ்சம் குறைவு என்பதில்லை, உப்பே இல்லை. வாயைத் திறந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடிக்கொண்டேன். பந்தயம் என்றால் பந்தயம். அதைவிட எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. நேற்று ஒரே பாட்டில் பீரை இரண்டு பீர் என்று சத்தியம் பண்ணின நாக்கு இது. இன்றைக்கு உப்பில்லை என்கிறது. இதை எப்படி நம்புவது? ஊரில் யாரையும் நம்பாமல் அறுபது வருஷம் ஓட்டிவிட்டேன், என் நாக்கை நம்பித்தான். அதுவும் இப்போது அந்தப் பக்கம் போய்விட்டது.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது சமையல்கட்டில் நுழைந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். கரித்தது. சர்க்கரை இனித்தது. குழம்பு மட்டும் சப்பென்று இருந்தது. இது வயசா, பீரா, இல்லை அந்த உப்பில்லாத பிஸ்கட்டில் ஏதாவது தடவிக் கொடுத்தார்களா என்று நாலு நாள் யோசித்தேன். முனிராஜ், பாரில் புதுச் சரக்கு வந்திருக்கிறது, எப்படி இருக்கிறது சொல்லுங்கள் யஜமான்ரே என்று என்னிடம் நீட்டினான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

இரண்டாவது ஞாயிறும் அதே. தண்ணீரோடு தள்ளி முழுங்கினேன். மூன்றாவது ஞாயிறு அவ்வளவு மோசமாக இல்லை. உப்பு இல்லாததால் மீனின் ருசி தனியாகத் தெரிந்தது, புளிக்குப் பின்னால் கொத்தமல்லி தெரிந்தது. நாலாவது ஞாயிறு, என்ன சொல்வது, நன்றாகவே இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்று என்று கையைக் காட்டினேன். அன்னம்மாள் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். அவள் எப்போதும் நான் சாப்பிட்ட பிறகு தனியாகத்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு வெகுநேரம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எப்டி இருக்குது?"

பந்தயம் என்று கையால் வாயைப் பொத்திக் காட்டினேன்.

"பந்தயம் கிடக்கட்டும். கேக்கறேன் இல்ல, சொல்லு."

"நல்லாருக்கு" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வாரமாக ஒரு கல் உப்புகூடப் போடவில்லையாம். எனக்கு ஊற்றின பிறகு தனக்கு மட்டும் உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டாளாம். முதல் வாரமே நான் கத்துவேன், பந்தயத்தைச் சொல்லி என் வாயை அடைக்கலாம் என்று ஆசையாகக் காத்திருந்தாளாம். நான் கத்தவில்லை. அடுத்த வாரமாவது கத்துவேன் என்று பார்த்தாளாம். கடைசியில் நான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. என் நாக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. முதல் வாரமே எனக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும், உப்பே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது என்று குதித்தேன். கூடவே கோபமும் வந்தது. குழம்பை மாற்றினது நீ, ஆகையால் பந்தயம் செல்லாது என்றேன். நான் மாற்றக் கூடாது என்று பந்தயத்தில் எங்கே இருக்கிறது, நீ பேசக் கூடாது என்றுதானே இருக்கிறது என்றாள். அதுவும் சரிதான். யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவளே பந்தயத்தைத் தூக்கிப் போட்டாள்.

"எதப் போட்டாலும் தின்னுட்டு எந்திரிச்சிப் போறவனுக்கு நான் எதுக்கு ஜான்சன் மார்க்கெட் வரைக்கும் நடக்கணும்? சொல்லித் தொலை. கொற இருந்தா சொல்லு. இல்லன்னாலும் எதாவது சொல்லு."

அடுத்த ஞாயிறு பழையபடி உப்புப் போட்டு வைத்தாள். கல்லுப்பு ஒரு கைப்பிடி, முப்பத்துநாலு வருஷமாக அதே கைப்பிடி. நான் பார்க்கவே போட்டாள், பிறகு பேச்சு வரக் கூடாது என்று. எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ஐந்து வாரம் உப்பில்லாமல் தின்று பழகின நாக்கு இது, கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரியும் என்பது எனக்கே தெரியும். ஆஸ்டின் டவுனில் ஆறு வாரம் அதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்தாலும், வாயில் இருப்பது என்னவோ அதைத்தான் சொல்ல முடியும்.

"உப்பு கூடிப்போச்சி" என்றேன்.

அவள் கையை மூடி என் முகத்துக்கு நேராக நீட்டி, இந்தக் கைதானே, நீ பார்க்கத்தானே போட்டேன் என்று ஆரம்பித்தாள். பார்த்தேன், இருந்தாலும் கூடத்தான் என்றேன். நாக்கா அது என்றாள். உன் கை வயசானதில் பெரிதாகியிருக்கும் என்றேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்துவிட்டார்கள். சண்டை முடிவதற்குள் குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. எடுத்துப் போய்ச் சுடவைத்து, சட்டியோடு கொண்டுவந்து என் தட்டில் ஊற்றினாள். இப்போது உப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. புளிதான் முன்னால் நின்றது. அதையும் சொன்னேன்.